கித்தா உறையிட்ட கம்பி: பழைய டிராக்டர் வயரின் வரலாறு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு டிராக்டர் புதிய பொருள் அன்று. செம்பனைக் குலைகளை இழுத்து வருவதும், உர மூட்டைகளைக் காட்டுக்குள் கொண்டு சேர்ப்பதும், மண்சாலையில் புதைந்த லாரியை வெளியே இழுப்பதும் அதுதான். அந்த வண்டியின் சக்கரத்தை நாம் அறிவோம். அதன் இரைச்சலையும் அறிவோம். அதன் உடம்புக்குள் நரம்புபோல ஓடுகின்ற மின்வயரைப் பற்றி மட்டும் அதிகம் நினைப்பதில்லை. ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் சத்தமே வராது. அல்லது பலகைக்கு அடியிலிருந்து கரும்புகை கிளம்பும். அன்றுதான் வயர் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வருகிறது.

பழைய டிராக்டரின் வயரைப் பழுதுபார்க்கத் துணிகிறவர், கையில் கத்தியையும் டேப்பையும் எடுப்பதற்கு முன், அந்த வயர் எந்தக் காலத்தைச் சேர்ந்தது, ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் கைவைத்தால் வண்டி எரியலாம். சில வேளைகளில் மனித உயிரே போகலாம். ஆகவே இன்றைய உரையில் அந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அது நமக்கு அந்நியமான வரலாறு அல்ல என்பதும் போகப்போக விளங்கும்.

வயர் என்பது இரண்டு பொருள்களால் ஆனது. உள்ளே செம்புக் கம்பி, வெளியே அதை மூடிய உறை. மின்சாரத்தைக் கொண்டு செல்வது செம்பு. அது கண்ட இடத்தில் பாய்ந்துவிடாமல் காப்பது உறை. செம்பு நீண்ட காலம் தாங்கும். முதலில் மூப்படைவது உறைதான். எனவே வயரின் வரலாறு என்பது பெரும்பாலும் உறையின் வரலாறே ஆகும். அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பது நம்முடைய மலாயாக் காடு.

நம் தோட்டங்களில் ரப்பர் மரத்தைக் 'கித்தா' மரம் என்று சொல்வது வழக்கம். மரத்தில் வடியும் பாலைக் குறிக்கும் 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லே நம் வாயில் கித்தா ஆயிற்று. ரப்பர் மரம் இந்நாட்டுக்கு வருவதற்கு முன்பே, இங்குள்ள காடுகளில் 'தாபான்' என்ற மரத்திலிருந்து ஒருவகைப் பாலை எடுத்து, இறுகவைத்துக் கத்திப்பிடி முதலியன செய்துவந்தார்கள். ஐரோப்பியர் அதைக் 'கட்டாபெர்ச்சா' என்றழைத்தனர். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கமரி 1843-ஆம் ஆண்டில் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். நீருக்குள் கிடந்தாலும் அது கெடாது, மின்சாரத்தையும் வெளியே விடாது என்று விரைவில் கண்டறிந்தார்கள். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போடப்பட்ட தந்திக் கம்பிக்குக் கட்டாபெர்ச்சாவே உறை. 1870-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கு வந்த கடலடிக் கம்பியும் அந்த வகையைச் சேர்ந்ததே.

ஆனால் கட்டாபெர்ச்சாவுக்கு ஒரு குறை உண்டு. சூடுபட்டால் இளகிவிடும். குளிர்ந்த கடலடியில் அது மன்னன். இயந்திரத்தின் அருகே அது நில்லாது. அங்கே ரப்பர் தேவைப்பட்டது. பச்சை ரப்பரும் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். அதோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டு குறையும் நீங்குகின்றன என்று 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். இவ்வாறு பதப்படுத்திய ரப்பரை நூலுறை போர்த்திய கம்பிகளில் பயன்படுத்தினார்கள்.

1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அதன் பிறகு காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து நம் முன்னோர்கள் கப்பலேறி வந்தார்கள். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர்கள் வெட்டிய பால், ஷீட்டாகக் காய்ந்து கப்பலேறியது. அதில் பெரும்பகுதி டயராயிற்று. ஒரு பகுதி வயரின் உறையாகவும் ஆயிற்று. உலகின் எந்த மூலையிலோ ஓடிய வண்டியின் விளக்கு எரிந்தபோது, அந்த மின்சாரத்தைக் கட்டிக் காத்த உறையில் நம் பாட்டன் பாட்டி வெட்டிய பாலும் கலந்திருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி டிராக்டருக்கு வருவோம். 1917-இல் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 'ஃபோர்ட்சன்' டிராக்டரைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அந்த வண்டியில் பேட்டரி கிடையாது, விளக்கு கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. முன்னால் கைப்பிடியைச் செருகி, முழு பலத்தோடு சுழற்ற வேண்டும். எஞ்சினுக்குள் எரிபொருளைக் கொளுத்தும் தீப்பொறிக்கு மட்டும் மேக்னெட்டோ என்ற கருவி இருந்தது. சக்கரம் சுழலும்போது காந்தத்தின் உதவியால் அதுவே மின்சாரத்தைப் பிறப்பிக்கும். எனவே அந்நாளைய டிராக்டரில் வயர் என்று சொல்ல மிகச் சிலவே இருந்தன. கைப்பிடி திரும்பி அடித்துக் கை முறிந்தவர்கள் பலர்.

1939-இல் ஃபோர்டும் அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசனும் சேர்ந்து '9என்' என்ற டிராக்டரை வெளியிட்டனர். அதில் பேட்டரி, மின்சாரத்தை உண்டாக்கும் டைனமோ, ஸ்டார்ட்டர் ஆகியவை இருந்தன. சக்கரங்களில் ரப்பர் டயர் இருந்தது. கைப்பிடி சுழற்றும் வேதனை தீர்ந்தது. அத்துடன் வயர்கள் பெருகின. வயர்கள் பெருகவே அவற்றுக்குரிய பழுதுகளும் பெருகின.

இந்த இடத்தில் போர் குறுக்கிட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்கா வாங்கிய இயற்கை ரப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்காசியாவிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. அந்த வழி அடைபட்டது. கையிருப்பில் இருந்த ரப்பரும் செம்பும் போர்த் தளவாடங்களுக்கே போயின. 1942-இல் வந்த '2என்' என்ற டிராக்டரைப் பாருங்கள்: ரப்பர் டயருக்குப் பதிலாக இரும்புச் சக்கரம், பேட்டரியும் டைனமோவும் இல்லை, மீண்டும் மேக்னெட்டோ, மீண்டும் கைப்பிடி. மலாயாவில் பால்வாளி கவிழ்ந்ததும் அமெரிக்க உழவனின் வண்டி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிற்று.

அதே காலத்தில் பால் வெட்டியவர்களின் நிலை என்ன? ரப்பர் விற்க வழியில்லாமல் தோட்டங்கள் பாழாயின. பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, அவர்களில் பெருந்தொகையினர் அங்கேயே மாண்டனர். இரும்புச் சக்கர டிராக்டரைப் பற்றி இயந்திர நூல்கள் எழுதுகின்றன. அந்த இரும்புச் சக்கரத்துக்குக் காரணமான ரப்பருக்குப் பின்னால் இருந்த மனிதர்களை நாமாவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

போர் முடிந்தது. 1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஃபெர்குசன் 'டிஇ20' டிராக்டர் உற்பத்தி தொடங்கியது. 1956 வரை 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. சாம்பல் நிறத்தில் இருந்த அந்தச் சிறு வண்டி பல நாடுகளுக்குச் சென்றது. அதே ஆலையில் 1960-களின் நடுவிலிருந்து மாஸி ஃபெர்குசன் 135 செய்யப்பட்டது. இந்தக் காலத்தில்தான் வயரின் உறையும் மாறியது. ரப்பர் போய், பிவிசி என்ற பிளாஸ்டிக் வந்தது. 1926-இல் அமெரிக்க வேதியியலர் வால்டோ செமன் அதை வளைகின்ற பொருளாக ஆக்கியிருந்தார். போருக்குப் பின் அது வயர் உலகத்தையே பிடித்துக்கொண்டது. ஆகவே ஒரு பழைய டிராக்டரின் பலகையைத் திறந்தால் ரப்பர் வயரும் இருக்கலாம், பிவிசி வயரும் இருக்கலாம், இடையில் யாரோ ஒட்டுப்போட்ட வீட்டு வயரும் இருக்கலாம்.

ரப்பர் வயரை எப்படி அடையாளம் காண்பது? மேலே நூலால் பின்னிய உறை இருக்கும். உள்ளே கறுத்த ரப்பர். அதற்கும் உள்ளே உள்ள செம்பு பெரும்பாலும் வெள்ளையாகத் தெரியும். ரப்பரில் உள்ள கந்தகம் செம்பை அரித்துக் கறுப்பாக்கும் என்பதால், செம்புக்கு ஈயம் பூசுவதுபோல வெள்ளீயம் பூசினார்கள். இத்தகைய வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். உறை பொடிப்பொடியாக உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். சூடும் காற்றும் ரப்பரை இறுகச் செய்கின்றன. எஞ்சின் எண்ணெய் அதை ஊறவைத்துக் கெடுக்கிறது. ஓரிடத்தில் உதிர்ந்தால் மற்ற இடங்களிலும் உதிரப்போகிறது. டேப் சுற்றுவது கிழிந்த பாயின்மேல் சேலையைப் போர்த்துவது போன்றது. அந்த வயரை முழு நீளத்துக்கும் மாற்றிவிடுவதே முறை. பிவிசியும் சாகாவரம் பெற்றதன்று. புகைக் குழாயின் அருகே அது உருகும். ஆண்டுகள் சென்றால் விறைக்கும். செம்பனைத் தோட்டத்து எலிகளுக்கும் அதில் பல் பதிக்கும் பழக்கம் உண்டு.

வயரை மாற்றும்போது அடுத்த கேள்வி, எத்தனை பருமன் உள்ள வயர் என்பது. 9என் போன்ற பல பழைய டிராக்டர்கள் 6 வோல்ட்டில் ஓடின. பிறகு 12 வோல்ட் பரவியது. இதற்குக் காரணம் எளிய கணக்கு. 36 வாட் விளக்கு ஒன்று 6 வோல்ட்டில் எரிய 6 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 12 வோல்ட்டில் 3 ஆம்பியரே போதும். ஓட்டம் பாதியானால் வயரும் மெலிதாக இருக்கலாம். எனவே 6 வோல்ட் வண்டிக்குப் பருமனான வயர் தேவை. பார்வைக்கு ஒன்றுதான் என்று மெல்லிய வயரைப் போட்டால் அது சுடும், விளக்கு மங்கும், ஸ்டார்ட்டர் முனகும். துருப்பிடித்த இணைப்பில் அரை வோல்ட் வீணானாலும் 6 வோல்ட் வண்டிக்கு அது பன்னிரண்டில் ஒரு பங்கு இழப்பு.

மூன்றாவது, எர்த் என்னும் விஷயம். வண்டியின் மின்சாரம் வயரில் போய், இரும்பு உடம்பு வழியாகத் திரும்பி வருகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வயர் போடும் செலவை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு. ஆகவே பேட்டரியிலிருந்து உடம்புக்குப் போகும் பட்டை துருப்பிடித்தாலோ, விளக்கின் அடியில் பெயின்ட் தடித்திருந்தாலோ, நல்ல வயரும் பயனற்றதாகிவிடும். பழுது என்று வரும் பலவற்றுக்கு, மணல்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கிக் கட்டுவதே வைத்தியம்.

இதிலும் ஒரு வரலாற்றுப் பொறி உண்டு. இக்கால வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனையே உடம்போடு சேர்ந்திருக்கும். ஆனால் 9என் முதலான பழைய ஃபோர்டுகளிலும், 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றிலும் பிளஸ் முனை உடம்போடு சேர்ந்திருந்தது. "வேலை தொடங்குமுன் மைனஸ் முனையைக் கழற்று" என்று இன்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சரியான விதி அதுவல்ல. உடம்போடு சேர்ந்த முனை எதுவோ அதை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். அப்போதுதான் ஸ்பேனர் தவறி இரும்பில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வைத்த வண்டியில் பேட்டரியை மாற்றிக் கொடுத்தால் அதன் உள்ளே உள்ள டயோடுகள் நொடியில் எரிந்துபோகும். பேட்டரிக்கு அருகே கண்ணால் பார்த்து, வயர் எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்து சென்று அறிந்த பிறகே கைவைக்க வேண்டும்.

அடுத்து பியூஸ். பழைய வண்டிகளில் ஒன்று அல்லது இரண்டு பியூஸ்களே இருந்தன. சிலவற்றில் அதுவும் இல்லை. பிரிட்டிஷ் கண்ணாடி பியூஸில் 35 என்று எழுதியிருந்தால், அது 35 ஆம்பியரில் உருகும் என்று பொருள். இடைவிடாமல் தாங்கக்கூடியது அதில் பாதியளவே, அதாவது ஏறத்தாழ 17 ஆம்பியர். இக்கால பியூஸில் எழுதியிருக்கும் எண்ணோ அது தொடர்ந்து தாங்கும் அளவு. பழைய 35-க்குப் பதில் புதிய 35-ஐப் போட்டால் காவல் பாதியாகக் குறைந்துவிடுகிறது. வயர் சுட்டுக் கருகிய பிறகும் பியூஸ் சிரித்துக்கொண்டிருக்கும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் பியூஸ் போடும் வழக்கத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அது வீட்டுக் கதவைக் கழற்றி விறகாக எரிப்பது போன்றது.

வயரின் நிறத்துக்கும் பொருள் உண்டு. பிர்மிங்ஹாம் நகரின் லூகஸ் நிறுவனத்தின் முறையைப் பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் பின்பற்றின. அதில் பழுப்பு பேட்டரியிலிருந்து பியூஸ் இன்றி நேரே வருவது, வெள்ளை சாவியைத் திருப்பினால் உயிர்பெறுவது, பச்சை சாவிக்குப் பின் பியூஸ் வழியாக வருவது, நீலம் முன்விளக்குக்கு, சிவப்பு ஓர விளக்குக்கும் பின்விளக்குக்கும், கறுப்பு எர்த்துக்கு. கையில் கிடைத்த நிறத்தைப் போட்டு வேலையை முடிப்பவர், தமக்குப் பின் வருபவரின் கண்ணைக் கட்டிவிடுகிறார். அதே நிறம் கிடைக்காவிட்டால் இரண்டு முனையிலும் எழுதிய துண்டுத் தாளையாவது ஒட்டிவைக்க வேண்டும்.

நேயர்களே, இனி நான் சொல்லப்போவது இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. டீசல் எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், தொடர்ந்து ஓடப் பொதுவாக மின்சாரம் தேவையில்லை. அதனால் வயர் கெட்டாலும் வேலை நடக்கும். "விளக்கு எரியாவிட்டால் என்ன, பகலில்தானே ஓட்டுகிறோம்" என்று விட்டுவிடுவார்கள். பேட்டரி ஏறாது. பிறகு வண்டியை மேட்டில் நிறுத்தி, உருட்டி ஸ்டார்ட் செய்வார்கள். அதற்கும் இடமில்லாவிட்டால் ஒருவர் தரையில் நின்றுகொண்டு, திருப்புளியை ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளிலும் வைத்து ஷார்ட் செய்வார்.

ஃபெர்குசன் டிஇ20 வண்டியில் ஸ்டார்ட்டரை இயக்குவதே கியர்த் தடிதான். கியர் விழுந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ய இயலாதபடி அதை அமைத்திருந்தார்கள். பிற்கால டிராக்டர்களிலும் அதற்கென ஒரு சிறு சுவிட்சும் வயரும் உண்டு. திருப்புளியால் ஷார்ட் செய்பவர் இந்தக் காவலைத் தாண்டிவிடுகிறார். கியர் விழுந்திருந்தால் எஞ்சின் பிடித்த மறுகணமே வண்டி நகரும். பெரிய பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். பல நாடுகளில் டிராக்டர் ஓட்டுநர்கள் இவ்வாறு தம் சொந்த வண்டியின் அடியிலேயே மாண்டிருக்கிறார்கள். சுவிட்ச் வயர் கெட்டுவிட்டதென்று அதன் இரு முனைகளையும் முறுக்கிவிடுவது பழுதுபார்ப்பு ஆகாது. அடுத்தவருக்குக் குழி வெட்டுவதாகும். "ஸ்டார்ட் ஆகவில்லை, திருப்புளியை எடு" என்று யாராவது சொன்னால், மறுப்பதற்கு நமக்கு உரிமையுண்டு. சரிசெய்து தருமாறு பட்டறையிடம் கேட்பது வீண் பிடிவாதம் அல்ல.

பழுதுபார்க்கும் வரிசையைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். முதலில் எர்த் முனையைக் கழற்றுங்கள். எதையும் வெட்டுமுன், எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று தாளில் படம் வரைந்துகொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போடாமல் ஒவ்வொரு வயராக மாற்றுங்கள். பழைய வயரின் பருமனுக்குக் குறையாத, வண்டிக்கென்று செய்த பல இழை வயரையே வாங்குங்கள். வீட்டுச் சுவரில் போடும் ஒற்றைக் கம்பி வயர் வண்டியின் அதிர்ச்சியில் முறிந்துவிடும். கையால் முறுக்கி டேப் சுற்றாமல், முனைகளை அதற்குரிய இடுக்கியால் அழுத்திப் பொருத்துங்கள். இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாக வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். புகைக் குழாய்க்குத் தூரமாகக் கட்டுங்கள். பேட்டரியை மீண்டும் மாட்டுமுன் எல்லா சுவிட்சுகளும் அணைந்திருப்பதையும், கியர் விழாமல் இருப்பதையும் பாருங்கள். படம் வரைந்த தாளை எறிந்துவிடாதீர்கள். அடுத்து வருகிறவருக்கு அது பயன்படும்.

நம் தோட்டங்களில் இத்தகைய வேலையைப் படிக்காமலேயே பட்டறையில் நின்று கற்றவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த அறிவு பெரும்பாலும் எழுதப்படவில்லை. ஒரு வயரைத் தொட்டவுடன் இது எந்தக் காலத்து வயர், இதை யார் ஒட்டினார்கள் என்று சொல்லக்கூடிய மூத்தவர் உங்கள் லயத்தில் இருந்தால், உங்கள் பிள்ளைகளை ஒரு நாள் மாலை அவரிடம் அனுப்புங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தனுப்புங்கள். மரத்தில் வடிந்த பாலிலிருந்து வண்டியில் எரிந்த விளக்குவரை நம் மக்களின் உழைப்பு தொடர்ந்து வந்திருக்கிறது. அந்த விளக்கு அணைந்தால் அதை மீண்டும் முறையாக ஏற்றும் அறிவும் நம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டும்.